காய்ச்சலுக்கு வந்தவரிடம் ஊரையும் தெருவையும் கேட்பது ஏன்?

"காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தால், எந்த ஊர், எந்தத் தெரு, எங்கே வேலை என்று இத்தனை கேள்விகள் எதற்கு?" நம் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. மழைக்காலம் தொடங்கிவிட்டால் வரிசை நீண்டுவிடும். உடல் நடுங்க நிற்பவருக்குச் சலிப்பு ஏற்படுவது இயல்பே. அந்த விவரங்கள் எங்கே போய்ச் சேருகின்றன, அவற்றால் யாருக்கு என்ன பயன் என்பதை நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என் பணி அனுபவத்தில் ஒரு நிகழ்வு. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தியை மூன்று நாள் காய்ச்சலுடன் அழைத்து வந்தார்கள். பரிசோதனையில் டெங்கு உறுதியானது. அவர்கள் வீடு கோவில்பட்டியிலிருந்து சற்றுத் தொலைவில் ஒரு மானாவாரிக் கிராமத்தில் இருந்தது. தாய் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. சிகிச்சைக்காக நகரில் உள்ள அத்தை வீட்டில் தங்கியதால், பதிவின்போது அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டார்கள். சுகாதாரப் பணியாளர்கள் அந்த முகவரிக்கே சென்று சுற்றியுள்ள வீடுகளைச் சோதித்தார்கள். அங்கே வேறு எவருக்கும் காய்ச்சல் இல்லை.

பத்து நாள் கழித்து, அதே கிராமத்திலிருந்து ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் நாடித்துடிப்புத் தளர்ந்து, கை கால் குளிர்ந்த நிலையில் வந்து சேர்ந்தான். உடன் வந்த பாட்டி சொன்னார்: "எங்க தெருவுல இன்னும் நாலு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், டாக்டர். முன்னாடி ஒரு பிள்ளைய உங்ககிட்டதான் கொண்டுவந்து காட்டினாங்க."

சிறுவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் இருந்து பிழைத்துக்கொண்டான். முதலில் வந்த சிறுமியிடம், காய்ச்சல் தொடங்குமுன் எங்கே இருந்தாள் என்று நான் கேட்கவில்லை. சீட்டில் இருந்த முகவரியே போதும் என்று விட்டுவிட்டேன். கிராமத்தின் பெயர் அன்றே சரியாகப் பதிவாகியிருந்தால், அந்தத் தெருவில் வீடு வீடாகக் காய்ச்சல் விசாரணை நடந்திருக்கும். சிறுவனின் நோய் முதல் ஓரிரு நாளிலேயே கண்டறியப்பட்டிருக்கும்.

காய்ச்சல் எப்போது நோய்ப் பரவல் ஆகிறது?

ஓர் இடத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், வழக்கமாக எதிர்பார்க்கப்படும் அளவைவிட மிகுதியானோருக்கு ஒரு நோய் வந்தால் அதை நோய்ப் பரவல் என்கிறோம். இங்கே 'வழக்கமான அளவு' என்ற சொல் முக்கியமானது. கார்த்திகை மாதத்தில் ஒரு வட்டாரத்தில் இருபது பேருக்குக் காய்ச்சல் இருப்பது இயல்பாக இருக்கலாம். அதே இருபது பேர் பங்குனியில் வந்தால் அது எச்சரிக்கை. சென்ற ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்தால்தான் இந்த வேறுபாடு புலப்படும். காலரா, போலியோ போன்ற நோய்களில் நிலைமை வேறு. ஒரே ஒருவருக்கு ஐயம் ஏற்பட்டாலும் விசாரணை தொடங்கிவிடும்.

ஒரு தெருவைச் சேர்ந்த மூன்று பேர் மூன்று வெவ்வேறு மருத்துவமனைகளுக்குச் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு மருத்துவரும் ஒருவரையே பார்க்கிறார். எவருக்கும் ஐயம் தோன்றாது. மூவரும் ஒரே தெருவினர் என்பது, மூன்று பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். அப்படிப் பார்ப்பதுதான் நோய்க் கண்காணிப்பு.

இம்முறையின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. 1854-இல் அந்நகரின் பிராட் தெருப் பகுதியில் காலராவால் பலர் இறந்தபோது, இறந்தவர்களின் வீடுகளை அவர் தெருவாரியாகக் குறித்துப் பார்த்தார். பெரும்பாலான மரணங்கள் ஒரே தண்ணீர்ப் பம்பைச் சுற்றி நிகழ்ந்திருந்தன. அவருடைய வற்புறுத்தலின் பேரில் செப்டம்பர் 8 அன்று அந்தப் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது. காலராக் கிருமி பற்றி மருத்துவ உலகம் அறியாத காலம் அது. அவர் கையில் இருந்த சான்று, யார் எங்கே குடியிருந்தார், எங்கே தண்ணீர் எடுத்தார் என்ற விவரமே.

செய்தி செல்லும் வழி

தமிழகத்தில் இதற்கான சட்டம் பழையது. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அறிவிக்க வேண்டிய நோய்கள் எவை, அவற்றை யார் அறிவிக்க வேண்டும், தொற்று பரவாமலிருக்க உள்ளாட்சி அமைப்பு என்ன செய்யலாம் என்பதை அது வகுத்தது. தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் இன்றும் அது நடைமுறையில் உள்ளது.

சட்டம் இருந்தால் மட்டும் செய்தி வந்துவிடாது. அனுப்புவது எளிதாகவும் இருக்க வேண்டும். இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1980-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் 'நதி' என்ற கண்காணிப்பு முறையை அமைத்தார்கள். தனியார் மருத்துவர்களும் தாங்கள் கண்ட முக்கிய நோய்களை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார்கள். மாவட்ட அளவிலேயே அவற்றைத் தொகுத்து நடவடிக்கை எடுக்க முடிந்தது.

2004-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் செய்தி மூன்று படிகளில் வருகிறது. முதலாவது, கிராம சுகாதாரச் செவிலியர் அறிகுறிகளை வைத்து அனுப்புவது: 'இந்த ஊரில் காய்ச்சல் இத்தனை பேர், வயிற்றுப்போக்கு இத்தனை பேர்.' இரண்டாவது, மருத்துவர் பரிசோதித்தபின் இன்ன நோயாக இருக்கலாம் என்று அனுப்புவது. மூன்றாவது, ஆய்வகம் உறுதிசெய்து அனுப்புவது. முன்பு வாரம் ஒருமுறை படிவங்களாகச் சென்ற இவ்விவரம், 2021 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் அன்றாடம் பதிவாகிறது.

டெங்கு ஐயம் உள்ளவரிடம் ஏற்கெனவே அட்டைப் பரிசோதனை செய்திருந்தாலும் மீண்டும் இரத்தம் எடுப்பதற்குக் காரணம் இதுவே. அட்டைப் பரிசோதனையின் முடிவை அரசு உறுதிப்பாடாகக் கொள்வதில்லை. எலிசா முறையில் பார்க்கிறார்கள். காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் வைரஸின் என்.எஸ்.1 புரதத்தையும், அதற்குப் பின் உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளையும் தேடுகிறார்கள். எனவே காய்ச்சல் தொடங்கிய நாளைச் சரியாகச் சொல்வது அவசியம். நாள் மாறினால் பரிசோதனையும் மாறும். இருக்கும் நோய் இல்லை என்று முடிவு வரவும் கூடும்.

தூத்துக்குடி வருவாய் மாவட்டத்திற்குள் கோவில்பட்டி தனியொரு சுகாதார மாவட்டமாக இயங்குகிறது. ஊரகங்களில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோரும், நகரத்தில் நகராட்சியின் சுகாதாரப் பிரிவினரும் பொறுப்பேற்கிறார்கள். நீங்கள் சொல்லும் முகவரிதான் இவர்களில் யார் புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

களத்தில் நடப்பது என்ன?

செய்தி கிடைத்ததும் பணியாளர்கள் நோயாளியின் வீட்டையும் சுற்றுப்புற வீடுகளையும் அணுகுகிறார்கள். முதல் வேலை, காய்ச்சல் கண்ட வேறு எவரேனும் உள்ளனரா என்று விசாரிப்பது. ஒவ்வொருவரின் பெயர், வயது, தெரு, காய்ச்சல் தொடங்கிய நாள், வேலை செய்யும் அல்லது படிக்கும் இடம் ஆகியவற்றை ஒரே பட்டியலில் எழுதுகிறார்கள். இப்பட்டியலிலிருந்து மூன்று கேள்விகளுக்கு விடை தேடப்படுகிறது: எப்போது, எங்கே, யாருக்கு?

வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில் பலருக்குத் தொடங்கி, உடனே குறைந்தால், ஒரே விருந்தில் உண்ட உணவு காரணமாக இருக்கலாம். நாள்தோறும் சிலருக்குத் தொடர்ந்து வந்து, ஒரே குழாய் வரிசையில் உள்ள வீடுகளிலேயே தென்பட்டால், குடிநீர்க் குழாயில் எங்கோ சாக்கடை நீர் கலக்கிறது என்று ஐயுற வேண்டும். அப்போது தெருக்கோடி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரின் அளவைப் பார்ப்பார்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் இருந்தும் கடைசி வீட்டில் இல்லையென்றால், வழியில் உடைப்பு உண்டா என்று தோண்டிப் பார்க்க வேண்டியதாகும்.

டெங்கு என்றால் கொசுப்புழுவைத் தேடுவார்கள். நூறு வீடுகளில் பன்னிரண்டு வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12. அதே நூறு வீடுகளில் புழு உள்ள கலங்கள் மொத்தம் இருபது என்றால், பிரெட்டோ குறியீடு 20. நடவடிக்கைக்குப் பின் இவ்வெண்கள் குறைகின்றனவா என்று மீண்டும் சோதிப்பார்கள். குறையவில்லையெனில் வேலை முடியவில்லை என்று பொருள். புதிய நோயாளிகள் வருவது நின்றபின்னும் சில வாரங்கள் கண்காணிப்புத் தொடர வேண்டும். கொசுவின் உடலில் வைரஸ் முதிர ஏறத்தாழ 8 முதல் 12 நாளும், கடிபட்டவருக்குக் காய்ச்சல் தோன்றப் பெரும்பாலும் 4 முதல் 10 நாளும் ஆகும் என்பதே காரணம்.

வறண்ட நிலத்தில் கொசு எப்படி?

"மழையே இல்லாத ஊரில் டெங்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசு, குளத்தையோ சாக்கடையையோ பெரிதும் நாடுவதில்லை. வீட்டில் சேமித்த தெளிந்த நீரையே விரும்புகிறது. தண்ணீர் அரிதாகும்போது நாம் அதிகமாகச் சேமிக்கிறோம். சேமிப்பு மிகும்போது கொசுவும் மிகுகிறது.

2012-ஆம் ஆண்டு இதற்குச் சான்று. அவ்வாண்டு தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது. 66 பேர் இறந்தார்கள். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையநல்லூர் மிகவும் பாதிக்கப்பட்டது. மழைக்காலம் வருமுன்னரே, கோடையிலேயே அங்கே நோய் பெருகிவிட்டது. வீடுகளில் நாள்கணக்கில் தேக்கிவைத்த தண்ணீரே கொசுவுக்குப் போதுமானதாக இருந்தது. வெளியிடங்களிலிருந்து பணியாளர்களை வரவழைத்து, வீடு வீடாகத் தொட்டிகளைச் சோதித்துத்தான் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

கரிசல் வட்டாரத்தின் நிலையும் இத்தகையதே. கோவில்பட்டிக்குத் தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வருகிறது. எந்த ஊரிலும் குழாய்த் தண்ணீர் நாள்விட்டு நாள் வரும் என்றால், குடம், அண்டா, பிளாஸ்டிக் டிரம், சிமெண்ட் தொட்டி என்று எல்லாவற்றையும் நிரப்பி வைப்பது மக்களின் குற்றமன்று. அது வாழ்க்கைத் தேவை. நான் முன்பு சொன்ன கிராமத்திலும், சுகாதாரக் குழு பிறகு சென்றபோது, வீட்டு வாசல்களில் இருந்த சிமெண்ட் தொட்டிகளில்தான் புழுக்களைக் கண்டது.

தண்ணீரைச் சேமிக்காதீர்கள் என்று சொல்வதில் பொருளில்லை. சேமிக்கும் முறையை மாற்றினால் போதும். ஏடிஸ் கொசு தண்ணீரின் விளிம்பை ஒட்டி, கலத்தின் உட்சுவரில் முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். மீண்டும் நிரப்பியதும் பொரிக்கும். எனவே தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை, வாரத்தின் அதே நாளில் தேய்த்துக் கழுவினால் இச்சுழற்சி அறுந்துவிடும். கழுவிய தொட்டியைத் துணியால் இறுகக் கட்டி மூடிவிடலாம்.

காலி செய்ய முடியாத பெரிய தொட்டிகளில் பணியாளர்கள் அபேட் மருந்து ஊற்றுகிறார்கள். அதன் வாடையைக் கண்டு பயந்து, அவர்கள் தெருவைத் தாண்டுமுன்னரே தண்ணீரைக் கொட்டிவிடுபவர்கள் பலர். அம்மருந்து லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவுக்குள் கலக்கப்படுகிறது. அந்த அளவில் குடிநீரிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுள்ளது. புகை மருந்தோ பறக்கும் கொசுக்களை மட்டும் கொல்லும். தொட்டியிலுள்ள புழுவை அது தொடுவதில்லை. புகை அடித்தாயிற்று என்று தொட்டியை மறந்துவிட்டால், சில நாளில் புதிய கொசுக்கள் வந்துவிடும்.

வேலை செய்யும் இடத்தை ஏன் கேட்கிறோம்?

ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து செல்வதில்லை. பகலில் தீப்பெட்டி ஆலையிலோ, கடலை மிட்டாய்க் கூடத்திலோ, பள்ளியிலோ இருப்பவரை அங்குள்ள கொசுவே கடித்திருக்கக் கூடும். ஆலையின் தண்ணீர்த் தொட்டியில் புழு இருந்தால், அங்கு வேலை செய்யும் பத்து ஊர்களுக்கும் நோய் பரவும். அவ்வூர்களின் வீடுகளை மட்டும் தேடினால் மூலம் அகப்படாது.

சில அச்சங்கள்

"பெயரைக் கொடுத்தால் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களோ?" "அதிகாரிகள் வந்து அபராதம் போடுவார்களோ?" "ஆலையில் வேலை போய்விடுமோ?" இக்கேள்விகளை நோயாளிகள் என்னிடம் மெல்லிய குரலில் கேட்டிருக்கிறார்கள். டெங்கு தொட்டாலோ, உடன் இருந்தாலோ ஒட்டுவதன்று; கொசு வழியாகவே பரவும். ஆகவே நோயாளியை ஒதுக்குவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. காய்ச்சல் உள்ள நாட்களில் அவரைக் கொசு வலைக்குள், பகலிலும், படுக்க வைப்பது போதும். தேக்கிய நீரில் புழு வளர்க்கும் கட்டடங்களுக்கு உள்ளாட்சிகள் அபராதம் விதிப்பது உண்மை. ஆனால் காய்ச்சல் கண்டவரின் வீட்டுக்குப் பணியாளர் வருவது அடுத்த நோயாளியைக் கண்டுபிடிப்பதற்காக. அவரைத் தொட்டி வரை அழைத்துச் செல்லுங்கள்.

கூலி இழப்பு என்ற அச்சம் இவற்றைவிடப் பெரியது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் தொழிலாளி ஒரு நாளை இழக்க அஞ்சி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார். அவர் கணக்கில் வருவதில்லை. அவரைக் கடிக்கும் கொசு பிறரிடம் செல்கிறது. மேலும் ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் இரத்தக் கசிவைத் தூண்டக் கூடியவை. மருத்துவரைப் பார்க்கும் வரை பாரசிட்டமால் மட்டும் போதும்.

குடும்பத்தார் நினைவில் கொள்ள வேண்டியவை

1. பதிவின்போது, காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரம் எங்கே இருந்தீர்களோ அந்த ஊரையும் தெருவையும் சொல்லுங்கள். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் இரண்டு முகவரிகளையும் சொல்லுங்கள்.

2. காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள்.

3. வீட்டிலோ தெருவிலோ வகுப்பிலோ வேலையிடத்திலோ வேறு எவருக்கேனும் காய்ச்சல் இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

4. தெருவில் ஒரே வாரத்தில் இருவர் மூவருக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிவியுங்கள். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

5. டெங்குவில் காய்ச்சல் தணியும் நேரமே அபாயமான நேரம். காய்ச்சல் விட்டபின் கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், மிகுந்த சோர்வு, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

6. வாரம் ஒரு நாளைத் 'தொட்டி கழுவும் நாள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்து ஆட்டுரல், பழைய டயர், சிரட்டை, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றையும் அன்று பாருங்கள்.

அந்தச் சிறுவன் இப்போது நலமாக இருக்கிறான். அவன் வந்துபோன நாள் முதல், காய்ச்சல் என்று வருபவரின் நாடியைப் பிடிக்கும்போதே, "இரண்டு வாரமாக எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அடுத்த முறை நம் மருத்துவமனையில் யாரேனும் உங்களிடம் இதைக் கேட்டால், ஒரு நிமிடம் பொறுத்து முழு விவரம் சொல்லுங்கள். உங்கள் தெருவில் இன்னும் காய்ச்சல் வராத ஒரு பிள்ளைக்கு அது உதவும்.